விதைப்பூண்டுக்குப் பக்கத்தில் காகித விட்டில்கள்

1

வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டு அடுப்பை இரவல் கேட்டு ஒருத்தி மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். அவள் வீட்டில் அடுப்பு இல்லாமல் இல்லை. நாலு கண் வைத்த பெரிய காஸ் அடுப்பு, அதற்கு மேலே புகையை உறிஞ்சும் தகரக் கூண்டு, எல்லாம் ஜோராக இருக்கிறது. எனக்கு இருப்பதோ ரெண்டு கண் அடுப்பு. அதிலும் ஒன்று தனக்குத் தோன்றினால்தான் எரியும். இருந்தும் கதவைத் தட்டி, "உங்கள் நெருப்பைக் கொஞ்ச நேரம் தருவீர்களா?" என்று கேட்பாள். கையில் சட்டியோ கரண்டியோ இருக்காது. காகிதம் இருக்கும்.

மூணாறு மலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், இவள் ஈரானுக்குப் போய்ப் புத்தி பேதலித்துவிட்டாள் என்று நினைக்கக் கூடும். நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு அதெல்லாம் உறைக்காது. என் மகள் பியூலா இந்த ஷீராஸ் ஊருக்கு வந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. அவள் வந்த கதையும் இந்த அடுப்புக் கதையும் ஒன்றுதான் என்பதால் இப்படி ஆரம்பிக்கிறேன்.

2

மாடியில் இருப்பவள் பெயர் மஹீன் கானும். கானும் என்றால் நாம் அம்மாள் என்று சேர்த்துச் சொல்வது மாதிரி. வீட்டுக்குச் சொந்தக்காரி. ஐம்பது வயதுக்கு மேலே, தனிக்கட்டை, ஓயாமல் சிகரெட். நாங்கள் வாடகைக்கு வந்த அன்றைக்கு அவள் கேட்ட முதல் கேள்வி, ஆபரேஷன் கத்தியின் அலகு எந்தக் கடையில் கிடைக்கும் என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர், அவர் மெல்ல என் காதில், "வேற வீடு பாப்பமா?" என்றார்.

அப்புறம்தான் தெரிந்தது, அவள் காகிதத்தில் சிலை செய்கிறவள். சிலை என்றால் கல், வெண்கலம், அதிகம் போனால் மரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவள் வெள்ளைக் காகிதத்தை வெட்டி, மடித்து, வளைத்து, ஆள் உயரத்துக்குச் சைப்ரஸ் மரம் நிறுத்துவாள். நெஞ்சுக்கூடு திறந்த ஒரு குயிலைச் செய்து வைத்திருந்தாள். உள்ளே ஒவ்வொரு எலும்பும் தெரியும், இதயம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. சாயம் கிடையாது, பசை கூட மிகக் குறைவு. தெஹ்ரானில் பெரிய கூடத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள். பணக்காரர்கள் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்களாம்.

அவளுக்கு இதெல்லாம் பழைய ஞானிகளின் பாட்டுகளிலிருந்து வருகிறது. இந்த ஊரில் டாக்ஸிக்காரர் கூடப் பாட்டுச் சொல்லித்தான் பிரேக் போடுவார். கடவுளைக் காதலன் என்றும் காதலி என்றும் கூப்பிட்டு ஏங்குகிற பாட்டுகள். அதில் அடிக்கடி வருவது விளக்கும் விட்டிலும். விட்டில் விளக்கைக் கண்டு சொக்கி, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அதில் விழுந்து ஒன்றாகிவிடும். மஹீன் கானும் இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

"எங்க ஊர் தேயிலை ஃபேக்டரி லைட்டைச் சுத்தியும் நிறைய விழும். காலையில விளக்குமாறு போட்டுப் பெருக்குவோம்" என்று எனக்குத் தெரிந்த பாரசீகத்தில் சொன்னேன்.

நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "பெருக்குவீர்களா!"

"பெருக்காம? தேயிலையோட சேத்தா பேக் பண்ண முடியும்?"

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். அவளுக்கு ஒரு குறை இருந்தது. விட்டில்களைச் செய்து பார்த்துவிட்டாள், ஆணி அடித்த மாதிரி நிற்கின்றன. "விழுவதற்கு முந்தின அந்தச் சுற்றல்தான் பாட்டு. என் காகிதத்துக்குச் சுற்றத் தெரியவில்லை" என்பாள்.

நான் லீவில் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஒரு வளையம், அதிலிருந்து நூலில் தொங்குகிற வெள்ளை விட்டில்கள், நடுவில் ஒரு காகிதச் சுடர். பியூலாவுக்கு. நான் இந்த ஊருக்கு வரும்போது பியூலாவுக்கு ரெண்டு வயது. முதலில் நர்ஸ் ஹாஸ்டல், பிள்ளைகளுக்கு இடமில்லை. அப்புறம் வீடு கிடைத்தது, அவளைக் கூட்டி வரப் பேப்பர் கிடைக்கவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, அந்த லீவில் நானாவது போய் எப்படியும் கூட்டி வந்துவிட வேண்டும் என்று இருந்தேன். அவள் என்னிடம் வருவாளா என்பதுதான் என் கவலை. மஹீன் கானுமிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறேன்.

"உன்னிடம் வரத் தயங்கினால் இதைக் கொடு" என்றாள்.

3

பம்பாயில் கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். தங்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர் விட்டிலைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனார். இதன் விலை என்ன, விற்கவா, எதற்கு இவ்வளவு பஞ்சு வைத்துச் சுற்றியிருக்கிறது என்று ஆயிரம் கேள்வி. "என் மகளுக்கு" என்றேன். "மகளுக்குக் கடையில் பொம்மை கிடைக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டு மூடினார். நியாயமான கேள்விதான்.

ரயில், பஸ், மூணாறிலிருந்து ஜீப். பெட்டி மடியை விட்டு இறங்கவில்லை. பியூலாவை வளர்த்தது என் அக்கா, தங்கம் என்று பெயர். நாங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். அக்காவை மட்டும் வட்டவடையில் பூண்டும் முட்டைக்கோசும் போடுகிற வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஜீப் நின்றபோது மழைத் தூற்றலில் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் சேலைக்குப் பின்னாலிருந்து ரெண்டு கண்.

"ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட! அந்த ஊர்ல சோறு கெடைக்காதா?" என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

பின்னாலிருந்து பியூலா வெளியே வந்தாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள் போல. "வாங்க ஈரானம்மா. காப்பி குடிக்கியளா?" என்றாள்.

அட கர்த்தரே! விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி. அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜெபத்திலும் என் போட்டோவைக் காட்டி, ஈரான்ல இருக்க அம்மாவைக் காப்பாத்தும் ஆண்டவரே என்று அவளைச் சொல்ல வைத்திருக்கிறாள். சொல்லிச் சொல்லி அது ஈரானம்மாவாகிவிட்டது. அவளுக்கு நான் ஜெபத்தில் வருகிற ஆள்.

"குடிக்கியளா?" என்று மறுபடி கேட்டாள். "பலே" என்றேன். ஆமாம் என்பதற்கு இங்கே சொல்கிற சொல், பழக்கத்தில் வந்துவிட்டது. எதற்காகப் பாராட்டுகிறேன் என்று தெரியாமல் அவள் அக்காவைப் பார்த்தாள்.

காப்பி குடித்ததும் பெட்டியைத் திறந்தேன். பியூலாவின் கண் விரிந்தது. கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நல்லாருக்கு" என்றாள். தொடவில்லை. ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டினேன். விடிந்து பார்த்தால், மூட்டமும் ஈரமும் உள்ளே இறங்கி அத்தனை விட்டிலும் நமத்த அப்பளம் மாதிரி தொங்கின. சுடர் மடங்கிக் கிடந்தது. ஷீராஸில் ஈரத்துணியை உதறினால் காய்ந்துவிடும். அந்த ஊர்க் காகிதத்துக்கு வட்டவடை மழை தெரியுமா? எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்துக்கு அழுகிறாளே என்று அக்கா பார்த்தாள். என் பிள்ளையை என் பக்கம் இழுக்க எனக்கு இருந்த ஒரே சாமர்த்தியம் அது.

4

பாஸ்போர்ட்டில் பிள்ளையின் பெயரைச் சேர்க்க ஜனன சர்ட்டிபிக்கேட் வேண்டும். அதற்கு மூன்று பேரும் ஜீப் ஏறி ஆபீஸுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான். பியூலாவைப் பார்த்துச் சிரித்து, மலையாளத்தில், "மோளே, நின்றெ அம்ம ஏதா?" என்றார்.

பியூலா யோசிக்கவேயில்லை. அக்காவைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளிநாட்டுக்குப் பிள்ளை கடத்துகிறவள் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கோ வாயைத் திறந்தால் பாரசீகம்தான் வரும் போலிருந்தது.

"சாரே, நான் வளத்தேன். பெத்தது இவ. என் கூடப்பொறந்தவ. சத்தியம் சாரே" என்றாள் அக்கா.

"சத்யம் போரா. பேப்பர் வேணம்" என்றார் அவர். சத்தியம் போதாதாம்.

எங்கள் எஸ்டேட் சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்ததற்குச் சர்ட்டிபிக்கேட் வாங்கி வரச் சொன்னார். திரும்புகிற வழியில் ஜீப்பில் பியூலா அக்காவின் மடியில் தூங்கினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். தூக்கத்திலேயே உருவிக்கொண்டாள்.

5

மறுநாள் நான் மட்டும் எஸ்டேட்டுக்குப் போய், போதகரைப் பிடித்து, சர்ட்டிபிக்கேட்டோடு திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் கால் வைக்கும்போதே ஆணியைப் பார்த்தேன். காலி. அடுப்பங்கரைக்குப் போனால், விறகடுப்புக்கு மேலே இருந்த பரணில், விதைக்கென்று தண்டோடு கட்டித் தொங்கவிட்ட பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில், புகைக்குள்ளே மஹீன் கானுமின் விட்டில்கள்! வெள்ளை போய்ப் பூண்டுத் தோல் நிறத்துக்கு வந்திருந்தன.

"அக்கா! என்ன காரியம் செஞ்சிருக்க? அது என்ன கருவாடா, புகையில கட்டித் தொங்கவிட?"

"கத்தாதட்டி. ஈரத்துல செத்துக் கெடந்துச்சு. காய வேண்டாமா?"

"வெயில் வந்தா காயும்ல!"

"வெயிலா? நாலு வருசத்துல இந்த ஊரே மறந்துபோச்சா உனக்கு? விதைப்பூண்டு அங்கதான் தொங்குது. அடுத்த போகத்துப் பொழப்பே அங்கதான் தொங்குது. அதைவிடப் பத்திரமான எடம் இந்த வீட்ல எங்கட்டி இருக்கு? காட்டு, அங்க மாட்டுதேன்."

"பழுப்பாக்கி வச்சிருக்கியே. அது எப்பேர்ப்பட்ட சாமான் தெரியுமா? தெஹ்ரான்ல இதுக்கு..."

"பழுத்தா என்ன? கெட்டாப் போச்சு?" அக்கா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "உன் புள்ளையையும் நான் அப்படித்தான்ட்டி வச்சிருந்தேன். சுடாம, குளிராம. அவளும் கொஞ்சம் கறுத்துத்தான் போயிருக்கா. அதுக்கும் சேத்து என்னைத் திட்டு."

நான் அப்படியே விறகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சண்டை போடாதிய" என்று மூலையிலிருந்து பியூலா எழுந்து வந்தாள். "இங்க பாருங்க." ஊதுகுழலை எடுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். தீ எழுந்தது. சூடு மேலே ஏறியது. விறைத்துக் காய்ந்திருந்த விட்டில்களில் ஒன்று அசைந்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து அந்தக் காகிதச் சுடரைச் சுற்றத் தொடங்கின. ஒன்றை ஒன்று தொடாமல், அவசரமில்லாமல் சுற்றின. மஹீன் கானும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாளே, அந்தச் சுற்றல்.

"நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள் பியூலா. "பெரியம்மா கை வச்சுப் பாத்துத்தான் கட்டினா. சுட்டா மேல ஏத்தணும். குளுந்தா கீழ எறக்கணும். கை சொகமா இருக்கும்ல, அந்த எடத்துலதான் கட்டணும். பூண்டுக்கும் அப்படித்தான்." ஊதுகுழலை என்னிடம் நீட்டினாள். "ஈரானம்மா, நீங்க ஊதுங்க."

ஊதினேன். பழக்கம் விட்டுப் போயிருந்தது. சாம்பல் பூராவும் என் முகத்தில். என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் எங்கள் ரெண்டு பேருக்கும் அடுப்படியில் வேலை இருந்தது. அக்கா சட்டியை வைக்க இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது.

6

சர்ட்டிபிக்கேட் வந்தது, பாஸ்போர்ட் வேலையும் ஒருவழியாக முடிந்தது. அந்த அலைச்சலை எழுதினால் இந்தக் குறிப்பு இந்த மழைக்காலத்துக்குள் முடியாது. பேப்பர் எல்லாம் கைக்கு வந்ததும் எனக்குத்தான் தயக்கம் வந்தது. அக்கா முற்றத்தில் உட்கார்ந்து விதைப்பூண்டுக் கட்டை அவிழ்த்துப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் நடவு.

"அக்கா, இன்னொரு வருசம் அவ உன்கிட்டயே இருக்கட்டும். இன்னும் என்கிட்ட ஒட்டல" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "இதைப் பரண்லயே வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? சப்பிச் சருகாப் போகும்ட்டி. மண்ணுக்குப் போறதுக்குத்தான இத்தனை நாள் பொத்திப் பொத்தி வச்சேன். கூட்டிட்டுப் போ." ஒரு பல்லைக் கூடையில் போட்டுவிட்டு, "இன்னொரு வருசம் வச்சிருந்தா அப்புறம் என் கை அவுக்காது" என்றாள். பூண்டுக் காரம் கண்ணில் பட்டுவிட்டது என்று சேலையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். விதைப்பூண்டு பிரித்து எவள் கண்ணும் எரிந்ததில்லை.

விட்டில்களை எடுத்துக்கொள்ளலாமா என்று பியூலாவைக் கேட்டேன். "வேண்டாம். இங்கயே இருக்கட்டும். பெரியம்மா அடுப்பு ஊதையில பாத்துக்கிட்டு இருப்பா" என்றாள். அக்கா ஜீப் வரைக்கும் வரவில்லை. வேலை கிடக்கிறது என்று பூண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். ஜீப் வளைவில் திரும்பும்போது பார்த்தேன். கூடை கீழே இருந்தது, அவள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பியூலா சத்தம் போட்டு அழவில்லை. ஆனால் என் கையைப் பிடிக்கவுமில்லை. என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். மூணாறு வரைக்கும் அந்த வார், பம்பாய் வரைக்கும் அந்த வார், விமானத்தில் தூங்கும்போதும் அதை விடவில்லை.

7

இங்கே வந்து மஹீன் கானுமிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு உதறல். உன் சிலையை அடுப்புக்கு மேலே பூண்டோடு கட்டிவிட்டோம் என்று சொல்ல முடியுமா? என்னைக் கேட்காமலேயே பியூலா சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்குப் பாரசீகத்தில் ரெண்டு சொல் கூடத் தெரியாது. கையாலும் கன்னத்தாலும் சொன்னாள். ஊதிக் காட்டினாள், ரெண்டு கையையும் விரித்துச் சுற்றிக் காட்டினாள். மஹீன் கானும் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்தாள். "நெருப்பு எங்கே?" என்றாள். அவள் அடுப்பில் முயற்சி செய்தோம். தகரக் கூண்டு காற்றை எல்லாம் இழுத்துக்கொண்டது. அன்றைக்கு என் அடுப்புக்கு வந்தவள்தான், வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறாள்.

இப்போது விட்டில்களைப் பழுப்பாக்கக் கறுப்புத் தேயிலைச் சாயத்தில் முக்குகிறாள். எங்கள் மலைத் தேயிலை என்று நான் பெருமையடித்துக்கொள்கிறேன். அவள் கடையில் வாங்கியது எந்த ஊர்த் தேயிலையோ.

ஒரு வருஷத்தில் பியூலாவின் பாரசீகம் என்னுடையதை முந்திவிட்டது. ரொட்டிக்கடையில் என்னைத் திருத்துகிறாள். இந்த ஊரில் செல்லம் கொஞ்சுகிறவர்கள், உன் ஈரலைத் தின்னட்டுமா என்பார்கள். முதல் தடவை ஒரு நோயாளியின் தாயார் என்னிடம் அப்படிச் சொன்னபோது நான் தலைமை நர்ஸிடம் ஓடினேன். பியூலாவோ மஹீன் கானுமிடம், "தின்னுங்கள், பாதியை மிச்சம் வையுங்கள், நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது" என்கிறாள். தமிழில் சில சொற்களுக்கு நின்று யோசிக்கிறாள். பரணும் ஊதுகுழலும் மட்டும் மறக்கவில்லை. அக்காவிடமிருந்து கடிதம் வரும்போது நான் வாசிக்க வேண்டும், அவள் கேட்பாள். போன தடவை, இந்தப் போகத்து விதையை எறக்கியாச்சு, அந்தக் காகிதப் பூச்சிய மட்டும் அவுக்கல, ஒரு பூச்சி நூல் அறுந்து விழுந்துச்சு, மறுபடி கட்டியாச்சு என்று எழுதச் சொல்லியிருந்தாள். பியூலா ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். என்னை இன்னும் ஈரானம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ஈரானிலேயே இருந்துகொண்டு! பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்டால் நான் என்ன சொல்ல?

போன வெள்ளிக்கிழமை மஹீன் கானும் புதிய சிலையைக் கொண்டு வந்தாள். தெஹ்ரானுக்குப் போவதற்கு முன்னால் நெருப்பில் பார்க்க வேண்டும். உத்தரத்துக் கொக்கியில் நூலைக் கோத்து இறக்கினாள். இன்னும் கீழே, இன்னும் கீழே என்றாள். ஒரு இறகின் ஓரம் சுருளத் தொடங்கியது.

"கூடாது! எரியும்" என்று பியூலா கத்தினாள்.

"எரியட்டும், என் உயிரே. பாட்டில் அது எரியத்தான் வேண்டும். எரிந்தால்தான் காதல்" என்றாள் மஹீன் கானும்.

"எங்கள் பெரியம்மா வீட்டில் எரியாது. காயும்" என்றாள் என் மகள், அவளுடைய நல்ல பாரசீகத்தில். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். உள்ளங்கையைச் சுடருக்கு மேலே நீட்டினாள், உயர்த்தினாள், தாழ்த்தினாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஈரானம்மா, உங்க கையைத் தாங்க. என் கைக்குச் சரியாத் தெரியல" என்றாள்.

கையைக் கொடுத்தேன். அவள் அதை ரெண்டு கையாலும் பிடித்து நெருப்புக்கு மேலே கொண்டுபோனாள்.

"சுடுதா?"

"கொஞ்சம்."

உயர்த்தினாள். "இப்ப?"

"இல்ல."

"குளுருதா?"

"இல்லட்டி."

"அப்ப இங்கதான்" என்றாள். மஹீன் கானும் அந்த உயரத்தில் நூலை முடிந்தாள். விட்டில்கள் மெல்ல அசைந்து சுற்றத் தொடங்கின. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முடிச்சுப் போட்டு வெகுநேரமாகியும் பியூலா என் கையை விடவில்லை. மத்தியானக் குழம்புக்கு நறுக்கியது எல்லாம் மேடையில் அப்படியே கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.